கச்சேரி வீடியோக்களை ரசிகர்கள் வலையேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக இசை இன்று நம் காதுக்கு எட்டியிருப்பதில் ரசிகர்கள் செய்த பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் அவர்கள் பிடித்துவைக்காமல் போயிருந்தால், பல மேதைகள் மேடையில் பாடியது நமக்குக் கிடைத்தே இருக்காது. இசைத்தட்டுக்காகச் சுருக்கிப் பாடிய சில நிமிடங்கள்தான் மிஞ்சியிருக்கும். அந்த வழக்கம் தொடர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் கேசட்டைக் கைமாற்றுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. கலைஞரைக் கேட்ட பிறகே ஏற்ற வேண்டும், அதிலிருந்து காசு எடுக்கக் கூடாது என்ற இரண்டையும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல்கள் எழவே மாட்டா. கீழே சொல்லியிருப்பவை இந்தியச் சட்டத்தையும் யூடியூபின் நடைமுறையையும் ஒட்டியவை. நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

டிக்கெட் வாங்கினேன், என் கைப்பேசியில் நானே எடுத்தேன். வீடியோ என்னுடையதுதானே?

டிக்கெட் உங்களுக்கு உட்கார இடமும் கேட்கும் வாய்ப்பும் தருகிறது, அவ்வளவுதான். ஒரு கச்சேரி வீடியோவில் பலருடைய உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சாகித்யம் எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை, மேடையில் பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் தனித்தனி உரிமை, இவற்றுக்கு மேல்தான் படம் பிடித்தவருடைய உரிமை வருகிறது. அந்தக் கடைசி உரிமைகூட நிபந்தனைக்கு உட்பட்டது. மற்றொரு படைப்பின் பதிப்புரிமையைப் பெருமளவு மீறி எடுக்கப்பட்ட படத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு.

மேடைக் கலைஞரின் உரிமை நம் சட்டத்துக்குள் வந்தது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால். 1995 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2012 திருத்தம் அதை இன்னும் வலுப்படுத்தியது. இன்று நேரடிக் கச்சேரியை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வதும், மின்னணு முறையில் சேமிப்பதும், பொதுமக்களுக்கு எட்டும்படி வைப்பதும் கலைஞருக்கே உரிய உரிமைகள். கச்சேரி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளுக்கு அவை நீடிக்கும்.

வீட்டில் திரும்பக் கேட்பதற்காக மட்டும் பதிவு செய்தால்?

சட்டம் இடம் கொடுக்கிறது. பதிவு செய்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தல், ஆய்வுக்காகவோ எடுக்கும் பதிவு கலைஞரின் உரிமையை மீறியதாகாது என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. பாட்டு கற்கும் மாணவர்கள் குருவின் கச்சேரியைப் பதிவு செய்து வீட்டில் சாதகம் செய்வதற்கு இதுவே துணை. இணையத்தில் ஏற்றிய கணத்தில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஆனால் சபா தன் அரங்கில் பதிவே கூடாது என்று அறிவித்திருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சட்டம் அனுமதிக்கிறது என்று வாயிற்காவலரிடம் வாதாடுவதில் பொருளில்லை. அவர்கள் இடம், அவர்கள் நிபந்தனை.

தியாகராஜர் கிருதிக்கு யார் பதிப்புரிமை கேட்க முடியும்?

கிருதிக்கு யாரும் கேட்க முடியாது. தியாகராஜர் 1847இல் மறைந்தார், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல், சியாமா சாஸ்திரி 1827இல். படைப்பாளி மறைந்த பின் 60 ஆண்டுகள் என்பதே இந்தியச் சட்டத்தின் கணக்கு. மும்மூர்த்திகளின் உருப்படிகள் எல்லாருக்கும் சொந்தம். பாரதியின் வரிகளும் அப்படியே. அவற்றின் உரிமையை 1949இல் அரசே பெற்றுப் பின்னர் பொதுவாக்கியது.

ஆனால் ஒரே கச்சேரிக்குள் எல்லா உருப்படிகளும் பழையவை அல்ல. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு 2033 இறுதி வரை பதிப்புரிமை உண்டு. 2013இல் மறைந்த லால்குடி ஜெயராமனின் வர்ணங்களுக்கும் தில்லானாக்களுக்கும் 2073 வரை, 2016இல் மறைந்த பாலமுரளிகிருஷ்ணாவின் உருப்படிகளுக்கு 2076 வரை. பாரதி பாடலிலும் வரிகள் பொதுவாக இருக்கலாம். அதற்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையதாக இருக்கலாம். ஆகவே மொத்தக் கச்சேரியையும் ஏற்ற நினைப்பவர் உருப்படிப் பட்டியலை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துவிடுவது நல்லது. தொடக்கத்தில் வரும் வர்ணத்திலும், கடைசியில் வரும் சிறு பாடல்களான துக்கடாக்களிலும்தான் பெரும்பாலும் புதியவை வரும்.

சரி, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பாடகரிடம் கேட்டால் போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் நல்ல மனம் படைத்தவர்களும் தவறுகிறார்கள். பாடகர் தலையசைத்தால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வயலின் வாசித்தவரும் மிருதங்கம் வாசித்தவரும் கடமோ கஞ்சிராவோ வாசித்தவரும் சட்டத்தின் பார்வையில் முழு உரிமையுள்ள கலைஞர்கள். தாம் வாசித்தது எங்கே வெளியாகிறது என்று முடிவு செய்ய அவர்களுக்கும் உரிமை உண்டு. கச்சேரிக்குக் கச்சேரி வேறு பாடகர்களோடு வாசிப்பவர்கள் அவர்கள். பாடகரின் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் வாசிப்பையும் சேர்த்து ஏற்றுவது நியாயமில்லை.

கேட்பது கடினமான காரியமும் அல்ல. கச்சேரி முடிந்து மேடைக்கு அருகே கூட்டம் மொய்க்கும்போது கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள், அதை நம்பவும் முடியாது. மறுநாள் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். எந்தக் கச்சேரி, எந்த நாள், முழுவதுமா சில உருப்படிகளா, எந்தத் தளம், விளம்பர வருமானம் எடுக்கமாட்டேன், நீங்கள் சொன்னால் நீக்கிவிடுவேன் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் பதிவை அவர்களுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். சளியோடு பாடிய நாள், தந்தி அறுந்த நாள் என்று கலைஞர்களுக்கு வெளியே விட விருப்பமில்லாத நாட்கள் உண்டு. எழுத்தில் வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு யாராவது உரிமை கோரினால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்று பொருள்.

சபாவையும் கேட்க வேண்டும். பல சபாக்கள் தாமே பதிவு செய்து வெளியிடுகின்றன. 2020 மார்கழியில் கச்சேரிகள் கட்டணம் வைத்து இணையத்தில் நடந்தன, அதன் பிறகு அந்தப் பதிவுகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அவர்கள் விற்கும் அதே கச்சேரியை நீங்கள் இலவசமாக ஏற்றினால், அடுத்த ஆண்டு கலைஞருக்குக் கிடைக்க வேண்டிய தொகையில் கைவைக்கிறீர்கள்.

கலைஞர் பெயர் போட்டிருக்கிறேன், பதிப்புரிமை மீறும் நோக்கமில்லை என்று எழுதியிருக்கிறேன், காசும் வாங்கவில்லை. பிறகென்ன?

பெயர் போடுவது கடமை, அது அனுமதி ஆகாது. நோக்கமில்லை என்ற வாசகத்துக்குச் சட்டத்தில் எந்தப் பயனும் இல்லை. 30 விநாடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்பதும் வெறும் வதந்தி. விமர்சனம், செய்தி, கற்பித்தல் ஆகியவற்றுக்காகச் சிறு பகுதிகளை நியாயமான அளவில் காட்ட இடம் உண்டு, ஆனால் விநாடிக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. காசு வாங்காமல் இருப்பது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு ஒரு காரணமாகலாம். மீறலை அது மீறல் இல்லை என்று ஆக்காது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். பக்கவாத்தியக் கலைஞர்கள் அத்தனை பேரின் பெயரையும் வீடியோவின் விவரத்தில் எழுதுங்கள். நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படுவது 38பி பிரிவு தரும் உரிமை. நேரத்தை மிச்சப்படுத்த, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை வெட்டிவிட்டு ஏற்றும் வழக்கமும் நிற்க வேண்டும். சுருக்குவதைச் சட்டம் தடுக்காது என்றாலும், இரண்டரை மணி நேரம் உடன் வாசித்தவருக்குத் தனியாகக் கிடைத்த நிமிடங்களையே வெட்டி எறிவது மரியாதையல்ல.

எல்லா அனுமதியும் பெற்றேன். உருப்படியும் தியாகராஜருடையது. ஆனாலும் ஏற்றிய சில நிமிடங்களில் ஏதோ ஒரு நிறுவனம் உரிமை கோரியிருப்பதாக யூடியூப் சொல்கிறது. எப்படி?

இது கன்டென்ட் ஐடி என்ற இயந்திரத்தின் வேலை. 2007 முதல் யூடியூப் அதை வைத்திருக்கிறது. இசை நிறுவனங்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை மாதிரியாகக் கொடுத்துவைக்கின்றன. ஏறும் ஒவ்வொரு வீடியோவும் அந்த மாதிரிகளோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் உரிமையாளர் முன்பே சொல்லிவைத்தபடி வீடியோ தடுக்கப்படும், அல்லது விளம்பரம் போடப்பட்டு வருமானம் அவருக்குப் போகும், அல்லது பார்வைக் கணக்கு மட்டும் கவனிக்கப்படும்.

அந்த இயந்திரத்துக்குப் பாடாந்தரம், அதாவது குருவழியாக வரும் பாடும் முறை, தெரியாது. ஒரே குருவிடம் கற்ற இருவர் ஒரே சுருதியில், ஒரே காலப்பிரமாணத்தில், அதே சங்கதிகளோடு ஒரு கிருதியைப் பாடினால், ஒருவருடைய வணிகப் பதிவை மற்றவருடைய மேடைப் பாட்டோடு அது குழப்பிக்கொள்ளலாம். மெட்டுப் பொருத்தத்தையும் அது பார்ப்பதால், எல்லாரும் பாடும் கிருதிகளுக்கு ஆபத்து கூடுதல். மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் இதே கதிதான்: 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்த பாஹின் இசையை ஃபேஸ்புக்கில் போட்டபோது, ஓர் இசை நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரப்பட்டது. பாஹ் மறைந்தது 1750இல்.

எனக்கு இதில் கோபம் வருவது இயந்திரம் தவறுவதால் அல்ல. அந்தத் தவறால் வரும் காசு, அந்த மேடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. பாடியவருக்கு ஒரு பைசா இல்லை. அதனால்தான் இத்தகைய கோரிக்கையை அப்படியே விட்டுவிடாமல் மறுக்கச் சொல்கிறேன்.

எப்படி மறுப்பது?

யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் பதிப்புரிமைப் பகுதிக்குப் போய், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை கோரப்பட்டுள்ளது என்று பாருங்கள். அந்தப் பகுதியை முழுதாகக் கேளுங்கள். உங்கள் பதிவுதானா, அல்லது இடைவேளையில் அரங்க ஒலிபெருக்கியில் ஓடிய வேறு பதிவா? இரண்டாவதாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், கோரிக்கை தானே விலகும்.

உங்கள் பதிவேதான் என்றால் மறுப்பு எழுதுங்கள். உருப்படியின் பெயர், இயற்றியவர், அவர் மறைந்த ஆண்டு, இது இன்ன நாளில் இன்ன அரங்கில் நடந்த நேரடிக் கச்சேரி, பாடியவரும் வாசித்தவர்களும் எழுத்தில் அனுமதித்துள்ளனர் என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். கோரியவர் பதில் சொல்ல 30 நாட்கள். பதிலே வராவிட்டால் கோரிக்கை காலாவதியாகும். ஐந்து நாட்களுக்குள் மறுத்தால், தகராறு நடக்கும் காலம் முழுவதும் விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அவர்கள் நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம், அப்போது அவர்களுக்கு 7 நாட்கள்தான். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். மேல்முறையீட்டையும் ஏற்காமல் அவர்கள் முறைப்படி நீக்கச் சொன்னால் உங்கள் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கைப் புள்ளி விழும். கலைஞரின் அனுமதி கையில் இருந்தால் துணிந்து போங்கள். இல்லையென்றால் இந்தப் படி வேண்டாம்.

ஸ்ட்ரைக் என்றால் சேனல் போய்விடுமா?

ஒன்றால் போகாது. உரிமை கோரிக்கையும் ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல. முன்னது ஒரு வீடியோவை மட்டும் பாதிக்கும், பின்னது சேனலின் கணக்கில் ஏறும். ஸ்ட்ரைக் 90 நாட்களில் காலாவதியாகும். அந்தக் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே முடக்கப்படும், அதில் இருக்கும் எல்லா வீடியோக்களும் போய்விடும். நீக்கியது தவறு என்று சொல்லும் எதிர் அறிவிப்பு கொடுக்கும் வழி உண்டு. அதைக் கொடுத்தால் கோரியவர் 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும். நீங்களோ அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்படச் சம்மதிக்க வேண்டும். விளையாட்டாகச் செய்யும் காரியமல்ல.

மூலப் பதிவுகளை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள். சேனலைக் களஞ்சியமாக நம்பி மூலத்தை அழித்தவர்கள் வருந்தியிருக்கிறார்கள்.

நான் விளம்பரம் போடவே இல்லை. ஆனால் என் வீடியோவில் விளம்பரம் வருகிறதே?

இரண்டு காரணங்களில் ஒன்று. யாராவது உரிமை கோரி வருமானம் எடுக்கிறார்களா என்று ஸ்டூடியோவில் முதலில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் யூடியூபே போடுகிறது. வருமானத் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோக்களிலும் விளம்பரம் காட்டும் உரிமையை அந்த நிறுவனம் தன் விதிமுறையில் எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் 2020 இறுதியிலும், நம் நாடு உட்பட மற்ற இடங்களில் 2021 ஜூனிலும் அது நடைமுறைக்கு வந்தது. அந்த வருமானத்தில் ஏற்றியவருக்குப் பங்கில்லை. நிறுத்தும் பொத்தானும் உங்களிடம் இல்லை. பட்டியலிடாத வீடியோவாக மாற்றினாலும் விளம்பரம் வரலாம்.

இதைக் கலைஞரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான் காசு எடுக்கமாட்டேன் என்று நீங்கள் வாக்களித்திருக்க, அவர் வீடியோவைத் திறந்ததும் ஏதோ விளம்பரம் ஓடினால் உங்கள்மேல்தான் சந்தேகம் வரும். விளம்பரமே கூடாது என்று அவர் சொன்னால் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இலாப நோக்கற்ற இடத்தில் வைக்கலாம். பார்ப்பவர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் கேட்பவர்கள் நிம்மதியாகக் கேட்பார்கள்.

ஆலாபனை நடுவில் விளம்பரம் புகுந்துவிடுகிறது. தடுக்க முடியுமா?

எட்டு நிமிடமும் அதற்கு மேலும் நீளும் வீடியோக்களில்தான் நடுவில் விளம்பரம் வரும். தோடியில் மெல்ல மெல்ல மேல் ஸ்தாயிக்கு ஏறி, கார்வையில் நிற்கும் நேரத்தில் சோப்பு விளம்பரம் வெடித்தால் கட்டியெழுப்பிய அத்தனையும் சரிந்துவிடும். நீங்கள் வருமானத் திட்டத்தில் இருந்தால், நடு விளம்பரங்களை அணைத்துவிடலாம். குறைந்தபட்சம் உருப்படிகளுக்கு இடையே கைதட்டல் ஓயும் இடத்துக்கு நகர்த்தலாம். திட்டத்தில் இல்லாதவர்களுக்கு இடத்தைத் தீர்மானிக்கும் வசதி இல்லை. துக்கடாக்களைத் தனித்தனியாக ஏற்றினால் எட்டு நிமிடத்துக்குள் அடங்கும். ராகம் தானம் பல்லவியை மட்டும் தயவுசெய்து துண்டாக்காதீர்கள். விளம்பரத்துக்குப் பயந்து அதை வெட்டினால் நஷ்டம் பெரிது.

கேமராவும் மைக்கும் வாங்கச் செலவு செய்திருக்கிறேன். அந்தச் செலவையாவது விளம்பரத்தில் எடுக்கலாமா?

கலைஞர்கள் அனைவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, பங்கும் பேசி முடித்தால் எடுக்கலாம். அப்போது நீங்கள் ரசிகராக இல்லை, வெளியீட்டாளர் ஆகிவிடுகிறீர்கள். கணக்குக் காட்ட வேண்டும், வரியும் உண்டு. என் கருத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பல கலைஞர்கள் ரசிகர் பதிவைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணம் அதில் காசு இல்லை என்ற நம்பிக்கை. ஒருவர் அதை உடைத்தால் நாளை எல்லாருக்கும் கதவு சாத்தப்படும்.

திரையிசைக் கச்சேரிக்கும் இதே விதிகளா?

அங்கே நிலைமை இன்னும் இறுக்கம். ஏறத்தாழ எல்லாப் பாடல்களும் பதிப்புரிமைக்குள் இருப்பவை. பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், இசை நிறுவனம் என்று உரிமை பிரிந்து கிடக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதே நீதிமன்றங்களில் வழக்காக நடந்திருக்கிறது. அமைப்பாளர் மேடையில் பாடவைப்பதற்கு உரிமம் பெற்றிருப்பார். அந்த உரிமம் உங்கள் வீடியோவுக்குச் செல்லாது. நடைமுறையில், இசை நிறுவனங்கள் பெரும்பாலும் வீடியோவை நீக்காமல் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கோரிக்கை சரியானது, மறுக்க வேண்டாம்.

கல்யாண நாதஸ்வரம், கோயில் கச்சேரி?

சமயச் சடங்கிலும் திருமணத்தை ஒட்டிய விழாக்களிலும் பாடல்களை நிகழ்த்துவதற்கு 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அந்த இடத்தில் நிகழ்த்துவதற்குத்தான் விலக்கு. பிறகு இணையத்தில் ஏற்றுவதற்கு அல்ல. நாதஸ்வரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் கேட்டுவிட்டே ஏற்றுங்கள். இவர்களுடைய பெயர்கூடப் போடாமல் நூற்றுக்கணக்கான வீடியோக்கள் கிடக்கின்றன, அது பெரும் அநீதி.

வானொலியில், தொலைக்காட்சியில் வந்த கச்சேரியைப் பதிவு செய்து ஏற்றலாமா?

கூடாது. ஒளிபரப்பியவருக்கு 25 ஆண்டுகள் தனி உரிமை உண்டு, கலைஞர்களின் உரிமை அதற்கு மேல்.

தாத்தா பதிவு செய்த பழைய கேசட்டுகள் பெட்டி நிறைய இருக்கின்றன. பாடியவர்கள் மறைந்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள். உரிமைக் கேள்வி காத்திருக்கும், காந்த நாடா காத்திருக்காது. பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட்டாதீர்கள்; விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுருக்காத ஒலிக்கோப்பாக மாற்றுங்கள். கேசட் அட்டையில் தாத்தா எழுதிய குறிப்பையும் படம் எடுத்துவையுங்கள். நாளும் இடமும் பக்கவாத்தியமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெளியிடுவதற்கு, கலைஞரின் குடும்பத்தாரையோ சீடர்களையோ அணுகுங்கள். 1995க்கு முந்தைய கச்சேரிகளின் சட்ட நிலை சிக்கலானது. ஆனால் அந்தச் சிக்கலைச் சாக்காக வைத்து அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது. அவர்களிடமே இல்லாத பதிவு உங்களிடம் இருக்கலாம். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுக் கேட்பவருக்கு மறுப்பவர்கள் குறைவு.

வெளிநாட்டில் நடக்கும் கச்சேரி?

1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ உற்சவம் போன்ற இடங்களில் அமெரிக்கச் சட்டம் பொருந்தும். நேரடி இசை நிகழ்ச்சியைக் கலைஞரின் ஒப்புதலின்றிப் பதிவு செய்வதையும் பரப்புவதையும் தடுக்கும் சட்டம் அங்கே 1994இல் வந்தது.

அதே நாட்டில்தான் ரசிகர் பதிவுக்கு மிக அழகான முன்மாதிரியும் இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1984இல் தன் கச்சேரிகளில் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. பகிரலாம், விற்கக் கூடாது என்பது விதி. இணையம் வந்ததும், விளம்பரத்தால் ஆதாயம் தேடுவதும் கூடாது என்று அதை விரிவுபடுத்தினார்கள். 2005இல் சிக்கல் எழுந்தபோது, ரசிகர்கள் பார்வையாளர் பகுதியிலிருந்து எடுத்த பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து தரவிறக்கலாம், மேடை ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாக எடுத்தவற்றை அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும் என்று பிரித்துவைத்தார்கள். நம் சபாக்களும் கலைஞர்களும் இப்படி ஒரு தெளிவான விதியை எழுதிக் கொடுத்தால், ஒளித்துப் பதிவு செய்யும் வழக்கம் பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன்.

கலைஞர் முதலில் சரி என்றார், இப்போது நீக்கச் சொல்கிறார். நீக்க வேண்டுமா?

நீக்குங்கள், அன்றே. காரணம் கேட்க வேண்டாம். லட்சம் பார்வைகள் இருந்தாலும் நீக்குங்கள். வேறு பெயரில் வேறு சேனலில் மறுபடி ஏற்றாதீர்கள், மற்றவர் ஏற்றுவதற்குக் கோப்பையும் கொடுக்காதீர்கள். நீக்கியதை அவருக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள். உங்கள் சொந்தப் பிரதியை வைத்துக்கொள்ளலாமா என்று அதே வரியிலேயே கேட்டுவிடுங்கள்.